குளிரை எண்ணும் மரம்

இமாச்சலத்தின் கோட்கர் மலைச்சரிவுக்கு ஜனவரியில் போனால் ஆப்பிள் தோட்டங்கள் பட்டுப்போனவை மாதிரிதான் தெரியும். கிளையில் ஓர் இலை இருக்காது. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் ரெட் டெலிஷியஸ் வகையை நட்டு, அந்த மாநிலத்தின் ஆப்பிள் வியாபாரத்துக்கு அடிபோட்ட ஊர் அது. மொட்டையாக நிற்கும் மரமும் பட்ட மரமும் ஒன்றல்ல. கோடையில் ஒரு கிளை திடீரென்று முறிந்து செத்தால் அதன் இலைகள் காய்ந்து சுருண்டாலும் லேசில் விழாது. இலையை உதிர்க்க மரத்துக்கு உயிர் வேண்டும்.

குளிர் தட்டியதும் மரம் முதலில் இலையில் போட்ட முதலைத் திரும்ப எடுக்கிறது. பச்சையத்தைச் சிதைத்து, தழைச்சத்தில் பெரும்பங்கைப் பட்டைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. வசந்தத்தில் வேர் மண்ணிலிருந்து புதிதாக உறிஞ்சத் தொடங்குவதற்கு முன்பே பூக்க வேண்டியிருப்பதால் இந்தச் சேமிப்புதான் கைகொடுக்கும். பிறகு காம்படியில் ஒரு மெல்லிய செல் அடுக்கு இளகுகிறது. இலையிலிருந்து வரும் ஆக்சின் என்ற ஹார்மோன் குறைய, எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்க, செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை கரைகிறது. இலை விழுந்த இடத்தைத் தக்கைத் திசு மூடிவிடும். அந்தத் தழும்பை உற்றுப் பார்த்தால் மூன்று சிறு புள்ளிகள் இருக்கும். இலைக்கு நீர் போன குழாய்கள் அறுந்த இடம் அது. தழும்புக்கு நேர் மேலே ஒரு மொட்டு. பூவாகப் போகும் மொட்டுகளுக்குள் பூவின் உறுப்புகள் போன கோடையிலிருந்தே உருவாகத் தொடங்கியிருக்கும்.

பூ தயாராக இருந்தும் மரம் பூக்காது. டிசம்பரில் ஒரு குச்சியை வெட்டிக் கதகதப்பான அறையில் தண்ணீரில் வைத்தால் மொட்டு அசையாது. அதே மரத்தின் குச்சியைப் பிப்ரவரிக் கடைசியில் வெட்டி வைத்தால் சில வாரங்களில் விரிந்துவிடும். நடுவில் மரம் வேண்டிய குளிரை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இந்தக் காவல் இல்லாவிட்டால் ஜனவரியில் நாலு நாள் வெயிலடித்ததும் மரம் ஏமாந்து பூத்து, அடுத்த உறைபனியில் அத்தனையும் கருகிப்போகும்.

பழைய கணக்கு எளிமையானது: 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழிந்த மணி நேரங்களைக் கூட்டுவார்கள். ரெட் டெலிஷியஸ் போன்ற வகைகளுக்கு ஆயிரம் மணி நேரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வேண்டும். 1974-இல் வந்த யூட்டா கணக்கு இன்னும் கறாரானது. உறைநிலைக்கு அருகிலும் கீழேயும் போகும் குளிருக்கு அதில் மதிப்பெண் கிடையாது. 16 டிகிரியைத் தாண்டும் வெப்பம் ஏற்கெனவே சேர்ந்ததையும் கழித்துவிடும். ஆக, குளிர் கடுமையாக இருந்தால் நல்லது என்று நினைப்பது தப்பு. உறையாத, நீண்ட குளிர்தான் மரத்துக்கு வேண்டியது.

குளிர் போதாமல் போனால் மரம் சாகாது, குழம்பும். ஒரு கிளையில் பூ, பக்கத்துக் கிளையில் பிஞ்சு, இன்னொன்று வெறுங்குச்சி. ஆப்பிளுக்குப் பெரும்பாலும் வேறு வகையின் மகரந்தம் தேவை. இரண்டும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால் காய்ப்பிடிப்பும் போச்சு. குல்லு பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளில் விவசாயிகள் மாதுளைக்கும் காய்கறிக்கும் மாற, ஆப்பிள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வழி, குறைந்த குளிரே போதுமான வகைகளை நடுவது: இஸ்ரேலில் உருவான அன்னா ஆப்பிள் வகைக்குச் சுமார் முந்நூறு மணி நேரம் போதும். கொடைக்கானலில் பேரியும் பிளம்ஸும் காய்ப்பதும், அவற்றில் குறைந்த குளிரில் திருப்தியடையும் வகைகள் இருப்பதால்தான்.

குளிரே இல்லாத இடத்தில்? கிழக்கு ஜாவாவில், மலாங் நகருக்கு அருகே உள்ள பாட்டூ மலைப்பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரிதான் தள்ளியிருக்கிறது. அங்கே ரோம் பியூட்டி ஆப்பிள் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கிறது. அறுவடை முடிந்து ஒரு மாதம் போல ஆனதும் ஆட்கள் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி எடுத்துவிடுகிறார்கள். மொட்டை முதலில் அடக்கிவைப்பது இலையும் கிளை நுனியும்தான். மொட்டுக்குள்ளிருந்தே வரும் ஆழ்ந்த உறக்கம் அதற்குப் பிறகு. அந்த இடைவெளியில் இலையை எடுத்துவிட்டால் மொட்டு தூங்காமலே பூக்கிறது. நாள் தப்பினால் பலிக்காது. எப்போது பூக்க வேண்டும் என்பதைத் தோட்டக்காரரே தீர்மானிப்பதால், ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ நிற்கும். ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் வருஷத்தில் இரண்டு தடவை இலை உருவும் கூலி கொடுத்தாக வேண்டும்.