வண்டி திணறுகிறதா? சென்சாரை மாற்றுமுன் சோதியுங்கள்

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பகுதி வணிகர்களில் பலர் சொந்த வேனிலோ காரிலோதான் சரக்கு ஏற்றுகிறோம். கள்ளக்குறிச்சி மொத்தக் கடையிலிருந்து மூட்டை வருவதும், வெள்ளிமலைக்கு மளிகை போவதும், அங்கிருந்து புளி, கடுக்காய், சாமை இறங்குவதும் இவ்வண்டிகளில்தான். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, கல்வராயன் மலை வளைவில் பாரத்தோடு திணறினால் சரக்குக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. இதற்குரிய காரணங்களுள் ஒன்று 'திராட்டில் பொசிஷன் சென்சார்' பழுது. பழுது அதில்தானா என்று பாராமலே மாற்றிவிட்டு, பணமும் போய்த் திணறலும் நீங்காமல் நிற்பது உண்டு. ஆகவே சோதனை முறையை நாமும் அறிந்திருப்பது நல்லது.

அது செய்யும் வேலை

இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் ஒரு தட்டு உள்ளது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மின்னழுத்தமாக இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே இந்தச் சென்சார். அதற்கேற்பவே பெட்ரோல் அளந்து விடப்படுகிறது. எண் துள்ளும் எலக்ட்ரானிக் தராசை நம்பிச் சரக்கு நிறுத்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இந்தச் சென்சாரைப் பற்றிய கவலை இல்லை; பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கே இது பொருந்தும்.

அறிகுறிகள்

மிதித்தவுடன் பிக்கப் வராமல் தயங்குதல், ஒரே வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுத்தல், ஐடிலிங் ஏறி இறங்குதல், செக் இன்ஜின் விளக்கு எரிதல். ஆனால் திராட்டில் தட்டில் கரி படிந்தாலும், காற்றுக் குழாய் வெடித்திருந்தாலும், பெட்ரோல் பில்டர் அடைத்தாலும், ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும் இவற்றில் சில தோன்றும். அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

சோதனை

1. முதலில் கண்ணால் பாருங்கள். கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா? அரிசி, பருப்பு ஏற்றும் வண்டியை எலி தேடி வருவது நமக்குத் தெரியாததல்ல.

2. ஸ்கேனர் போட்டுக் கோடு எண்ணைக் கேளுங்கள். பி 0120 முதல் பி 0124 வரை வந்தால் இந்தச் சென்சாரோ அதன் ஒயரிங்கோ என்று பொருள். பி 0122 என்றால் மின்னழுத்தம் குறைவு. பி 0123 என்றால் அதிகம். கோடு எண் பழுதான இடத்தைக் காட்டுமே தவிர, பழுதான பாகத்தை உறுதி செய்யாது.

3. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டரை வையுங்கள். மூன்று ஒயர்களில் ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், இன்னொன்று எர்த். இவை சரியில்லையெனில் குற்றம் ஒயரிங்கிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும். சென்சாரை மாற்றிப் பயனில்லை.

4. மூன்றாவது ஒயரில் தட்டு மூடியிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட், முழுதும் திறந்தால் சுமார் 4.5 வோல்ட் காட்டும். வண்டிக்கு வண்டி சற்று மாறும். தட்டை மெல்லத் திறந்தால் அளவு சீராக ஏற வேண்டும். நடுவில் விழுந்தாலோ துள்ளினாலோ உள்ளே உள்ள தடம் தேய்ந்துவிட்டது, சென்சாரை மாற்றலாம். முள் மீட்டர் இருந்தால் இந்தத் துள்ளல் தெளிவாகத் தெரியும். ஐடிலிங் முதல் பாதித் திறப்பு வரை உள்ள இடமே அதிகம் தேயும். அங்கே நிதானமாகப் பாருங்கள்.

எச்சரிக்கை

கேபிள் உள்ள வண்டிகளுக்கே நான்காவது சோதனை. கேபிள் இன்றி மோட்டாரால் திறக்கும் தட்டைக் கையால் தள்ளக் கூடாது. பல் சக்கரம் உடையும், விரலும் நசுங்கும். அவற்றில் சென்சார் இரண்டு இருக்கும். பழுதானால் பெரும்பாலும் முழு திராட்டில் பாடியையே மாற்ற வேண்டியிருக்கும்; ஆகவே சோதிக்காமல் மாற்றினால் நட்டமும் பெரிது. அவ்வகை வண்டிகளை ஸ்கேனர் உள்ள பணிமனையிலேயே காட்டுங்கள்.

மெக்கானிக்கிடம் "சென்சாரை மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். "5 வோல்ட் வருகிறதா, அளவு சீராக ஏறுகிறதா?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும், புதியதற்கான பில்லையும் கேட்டு வாங்குங்கள். கோளாறு தீரும்வரை பாரத்தோடு மலையேறுவதைத் தவிருங்கள். எடை பார்த்துச் சரக்கு வாங்கும் நாம், சோதித்துப் பார்த்தே பாகமும் வாங்குவோம்.