ஏற்றத்தில் திணறும் வண்டியும் தேய்ந்த டர்போவும்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிறீர்கள். போன வருடம் மூன்றாவது கியரில் இழுத்த இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பிக்கப் தாமதமாகத்தான் வருகிறது. பட்டறையில், "டர்போ போச்சு, ரீகண்டிஷன் பண்ணணும்" என்கிறார்கள். பண்ணினால் வண்டி பழையபடி இழுக்குமா? இழுக்கும், பழுது டர்போவில்தான் என்றால்.

டர்போ என்பது என்ன? என்ஜினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலை முழுதாக எரிக்கலாம்; இழுவை கூடும். கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. அவ்வளவு வேகத்தையும் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

தேனி–கம்பம் சாலையில் தெரியாத குறை மலையில் மட்டும் தெரிவது ஏன்? சமதளத்தில் டர்போவுக்கு வேலை குறைவு. ஆள் நிறைந்த வண்டி ஏற்றத்தில் ஏறும்போதுதான் அதன் முழு உழைப்பும் தேவை. மேலே போகப்போக காற்றும் லேசாகிறது. போடிமெட்டு உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நல்ல டர்போ இதை ஈடுகட்டும். தேய்ந்த டர்போவால் முடியாது.

தேய்ந்ததற்கு அடையாளம்? கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. முன்பு இல்லாத விசில் சத்தம், அடிக்கடி குறையும் ஆயில் மட்டம் இவையும் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கிழிந்த காற்று ஓஸும் அடைத்த ஏர் ஃபில்டரும்கூட இதே பிக்கப் குறையைத் தரும். டர்போவைக் கழற்றும் முன் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்னச் செலவில் முடிய வேண்டியது பெரிய பில்லாகிவிடக் கூடாது.

ரீகண்டிஷனில் என்ன செய்கிறார்கள்? பிரித்துக் கழுவி, பேரிங்கும் சீலும் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றுவார்கள். சக்கரத்தின் இறக்கை உடைந்திருந்தாலோ தண்டு தேய்ந்திருந்தாலோ கோர் (தண்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுப்பகுதி) முழுதாக மாற வேண்டும். பிறகு வருவது பேலன்சிங் (சுழலும் பகுதியின் எடையைச் சமன்செய்தல்). எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். லட்சம் சுற்றில் கடுகளவு எடை வித்தியாசமும் புது பேரிங்கைத் தின்றுவிடும். பேலன்சிங் மெஷின் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

வேலை சரியாக நடந்தால் குறைந்த சுற்றிலேயே பிக்கப் வரும், கியர் இறக்குவது குறையும், கரும்புகை அடங்கும், இழந்த மைலேஜ் திரும்பும். வண்டி புதிதாக இருந்தபோது இல்லாத சக்தி வராது. "கூடுதல் பிரஷர் வைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்ஜின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சில வண்டிகளில் ஆறே மாதத்தில் டர்போ மறுபடி போகிறதே? பழைய காரணம் அப்படியே இருப்பதால்தான். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயில் கரி அடைத்திருக்கும். ஆயில் மாற்றாமல் நாள் கடந்திருக்கும். ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கும். புது ஆயில், புது ஃபில்டர், சுத்தமான ஆயில் குழாய் இல்லாமல் டர்போவைப் பூட்ட விடாதீர்கள். இன்டர்கூலரில் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) தேங்கிய பழைய ஆயிலையும் வடிக்கச் சொல்லுங்கள். குமுளியோ போடிமெட்டோ ஏறி நின்றதும் சாவியைத் திருப்பாமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, கொதிக்கும் தண்டின் மேலேயே அது கரியாகும்.

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கசியும் ஆயில் காற்றுக்குழாய் வழியே என்ஜினுக்குள் போனால், டீசல் என்ஜின் அதையே எரித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் உறுமி ஓடக்கூடும். நீலப்புகை கக்கும் வண்டியில் ஆள் ஏற்றி மலையேறாதீர்கள்.