தோட்டத்தில் கிடைத்த உருண்டைத் தவளை

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வாழைக்குக் குழி வெட்டும்போது, மண்ணோடு மண்ணாக ஒரு பந்து உருண்டு வருவதை நீங்கள் கண்டதுண்டா? எலுமிச்சம்பழப் பருமன். மஞ்சள் கலந்த மேனியில் கரும்பழுப்புத் திட்டுகள். குட்டைக் கால்கள். கழுத்து என்பதே இல்லை.

அப்படி ஒன்றைக் கொட்டாங்கச்சியில் எடுத்து வந்தார் என் மாணவர் ஒருவர். "சார், இது விஷத் தேரையாம். உப்பைக் கொட்டிக் கொல்லச் சொல்கிறார் பாட்டி" என்றார். தேங்காயில் பருப்பு இல்லாவிட்டாலும் தேரையின்மேல் பழி போடுகிறவர்கள் நாம்! நான் பௌதிக ஆசிரியன். ஆயினும் பார்த்து அறிவதற்குத் தடையில்லையே.

நிறத்தை நம்பாதீர்கள், ஓர் இனத்திற்குள்ளேயே அது வேறுபடும். முதலில் தோலைப் பாருங்கள். தேரைக்கு உடலெல்லாம் மருக்கள். கண்ணுக்குப் பின்னால் தடித்த நச்சுச் சுரப்பி. இதற்கோ வழுவழுப்பான தோல். அடுத்து வாய். தவளைக்கு இவ்வளவு சிறிய வாயா என்று வியப்பீர்கள். எறும்பும் கரையானும் தின்ன அது போதும். செவிப்பறையும் வெளியே தெரியாது. பிறகு, கையை நனைத்துக்கொண்டு மெல்லத் திருப்பிப் பின்னங்காலின் அடியைப் பாருங்கள். மண்வெட்டி அலகுபோல் இரண்டு புடைப்புகள் இருக்கும். மண்ணில் புதையும் இன்னொரு தவளையான ஸ்பேரோதீகாவிற்கு அத்தகைய அலகு ஒன்றுதான். வாயும் அகலம், செவிப்பறையும் தெரியும். முதுகில் செம்பட்டைகளும் அகன்ற விரல்நுனிகளும் இருந்தால் அது இதன் நெருங்கிய உறவான வேறோர் இனம்.

ஆக, நம் விருந்தாளி பலூன் தவளை. 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் இதனை விவரித்தார். இன்றைய அறிவியற்பெயர் யூபிரோடான் சிஸ்டோமா. அச்சமுற்றால் நுரையீரலில் காற்றை நிரப்பி உப்பிக்கொள்ளும். பாம்பு விழுங்குவது கடினமாகிவிடும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழைக்கு வெளிவந்து தேங்கிய நீரில் முட்டையிடும்.

உப்பு என்ன செய்யும்? தவளை வாயால் நீர் குடிப்பதில்லை; தோலால் உறிஞ்சுகிறது. உப்புப் பட்டால் சவ்வூடு பரவலின் திசை மாறி, உடலின் நீர் வெளியே இழுக்கப்படும். கரையானைத் தின்னும் பிராணிக்கு, கரையான் அரிக்கும் நிலைப்படியுள்ள வீட்டிலேயே இத்தண்டனை!

பாட்டியிடம் கரையான் கதையைச் சொன்னதும் உப்புச் சாடி உள்ளே போயிற்றாம். மாலையில் கிணற்றடி ஈரமண்ணில் தவளையை விட்டோம். பின்னங்கால்களை மாறி மாறி அசைத்து, பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்கியது. சற்று நேரம் கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் மறைந்தன.