ஏலக்காட்டுத் தெம்மாங்கு: நடை, சுருதி, உணர்ச்சி

சென்ற பொங்கல் விழா ஒத்திகையில் நடந்த ஒரு சிறு பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம். சக்குபள்ளத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த என் அத்தையை ஒரு தெம்மாங்கு பாடச் சொல்லியிருந்தோம். கீபோர்டு வாசிக்கும் தம்பி, "பாட்டி, எந்தக் கட்டை? என்ன தாளம்?" என்று கேட்டான். "தொண்டைக்கு எது எட்டுதோ அதான் கட்டை தம்பி. வேலை கைக்குத்தானே, பாட்டுக்கு என்ன அவசரம்?" என்றார் அத்தை. அவன் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டான். பிள்ளைகள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அத்தை இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "இது அந்தப் பாட்டு இல்ல மாப்ளே" என்றார்.

சொல் அதேதான், மெட்டும் அதேதான். அப்படியானால் எது மாறிற்று? இதைப் புரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகளுக்கு நாட்டுப்பாடல் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது.

பாட்டு பிறந்த இடம்

சக்குபள்ளம் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், குமுளிக்கு வடக்கே அணக்கரையை ஒட்டிய ஊர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு இருந்துவிட்டன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். கோடு மாறினாலும் ஆள் போக்குவரத்து நிற்கவில்லை. கம்பம், கூடலூர், போடி வட்டாரத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவோ ஏலக்காட்டு வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் இறங்கி வருவார்கள். அத்தையைப் போல அங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு. அவர்களோடு மலையேறியதுதான் இந்தத் தெம்மாங்கு. 'தேன் பாங்கு' என்றும் 'தென் பாங்கு' என்றும் இந்தப் பெயருக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள்.

நடை

நாட்டுப்பாடலின் காலப்பிரமாணத்தை வகுப்பது பெரும்பாலும் வேலைதான். ஏற்றம் இறைக்கும்போது சால் இறங்கி ஏறுகிற நேரமே ஏற்றப்பாட்டின் அளவு. நடவில் எல்லாரும் ஒரே வரிசையில் குனிந்து பின்னோக்கி நகர்வதால் அங்கே ஒரு பொது ஓட்டம் வேண்டும். காவடி எடுப்பவனுக்குக் கால் துள்ள வேண்டும். ஆகவே சிந்து துள்ளுகிறது.

ஏலக்காட்டு வேலை அப்படியல்ல. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். காயோ செடியின் அடியில், தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் இருக்கும். குந்தியோ குனிந்தோ, பழுத்த காயை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அவரவர் கைவேகம் அவரவருக்கு. ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. எனவே இந்தப் பாட்டுக்குப் பொதுத் தாளம் தேவைப்படவில்லை, குரல் கேட்டால் போதும். முதலில் உச்சத்தில் ஒரு நீண்ட அழைப்பு. பிறகு சொற்கள் மளமளவென்று கீழே இறங்கும். அடி முடிந்ததும் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் அடுத்த செடிக்கு நகர்வதும், எதிர்க்குரல் வருவதும்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அத்தை தானாகப் பாடியபோது நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தட்டு. அதுவும் ஒரே சீராக இல்லை. தம்பி வைத்த தாளம் 130. நிறுத்தத்துக்கே அதில் இடமில்லை.

சுருதி

கீபோர்டில் 'சி' என்பது நமக்கு 1 கட்டை, 'எஃப்' 4 கட்டை, 'ஜி' 5 கட்டை. கச்சேரியில் ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். வயதாக ஆகக் குரல் இறங்கும். அத்தைக்கு 4 கட்டைதான் வசதியாக இருந்தது. தம்பி பழக்கத்தில் 5-இல் வைத்துவிட்டான். மேல்ஸ்தாயி அழைப்பு அவருக்குக் கத்தலாகிவிட்டது. பாடுகிறவர் குரலுக்குச் சுருதி வளைய வேண்டுமே தவிர, சுருதிக்கு அவர் வளையக்கூடாது.

பாட்டில் வந்த சுரங்கள் ஐந்தாறுதான். கர்நாடக சங்கீத முறையில் சொன்னால் கரகரப்பிரியாவின் சாயல்: சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், மத்திமம், பஞ்சமம், கீழே கொஞ்சம் கைசிகி நிஷாதம். நாட்டுப்பாடகர் ராகம் பார்த்துப் பாடுவதில்லை என்றாலும் சில சாயல்கள் சில வகைகளோடு ஒட்டியிருக்கின்றன. தாலாட்டு என்றால் நீலாம்பரி, காவடிச்சிந்து என்றால் செஞ்சுருட்டி என்று காது தானே எதிர்பார்க்கிறது.

உணர்ச்சி

சாதாரண காந்தாரம் வந்தாலே சோகம் என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அதே சுரங்களில் கேலிப்பாட்டும் உண்டு, கும்மியும் உண்டு. அந்தக் காந்தாரத்தில் நின்று, அசைத்து, இறங்க நேரம் கொடுத்தால் ஏக்கம் பிறக்கிறது. வேகமாகக் கடந்துபோனால் அதுவே துள்ளலாகிவிடுகிறது. அத்தை பாடியது, மலையிறங்கிப் போனவன் இன்னும் வரவில்லையே என்று வழியைப் பார்த்துக் கேட்கிற பெண்ணின் பாட்டு. மாமா அப்படிப் போய் வராதவர் என்பது ஒத்திகையில் இருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரியும். அதற்குத்தான் பிள்ளைகள் ஆடினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, தாளம் ஆடச் சொன்னது.

வாத்தியம் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. இதே மலையின் அடிவாரத்துப் பண்ணைப்புரம்தான் இளையராஜாவின் ஊர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலைத் தொழிலாளரிடையே பாடியவர். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, கிராமத்து மெட்டு மேல்நாட்டு வாத்தியங்களோடும் நிற்கும் என்பதை நாடே கேட்டது. எங்கே தாளம் வேண்டும், எங்கே குரலைத் தனியே விட வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை அது.

நாம் செய்யக்கூடியது

விழாவன்று தம்பியே ஒரு வழி கண்டான். கீபோர்டில் 4 கட்டையில் சுருதியை மட்டும் பிடித்தான், தாளத்தை அணைத்துவிட்டான். அத்தை பாடினார். யாரும் ஆடவில்லை. முடிந்தபின் கைதட்டலும் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது.

நம் வீடுகளில் இப்படிப் பாடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கி.வா.ஜகந்நாதன், நா.வானமாமலை போன்ற அறிஞர்கள் பாடல்களின் சொற்களை நூலாக்கித் தந்துவிட்டார்கள். நடையும் நிறுத்தமும் அச்சில் ஏறாது. கைபேசியில் பதிவு செய்யுங்கள். பின்னணித் தாளம் வேண்டாம். எந்த ஊர், என்ன வேலை செய்தபோது பாடியது, யாரை நினைத்துப் பாடியது என்றும் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். அது தெரிந்தால் எந்த வேகத்தில் பாடுவது என்று பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடும்.