13 வாரத்தில் முடிந்த கதைகள்

'கோலங்கள்' தொலைக்காட்சித் தொடர் 2003-இல் தொடங்கி 2009-இல் முடிந்தது. மொத்தம் 1,533 பகுதிகள். தொடங்கியபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, முடிந்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய தூர்தர்ஷன் காலத்தில் ஒரு நாடகத் தொடருக்குப் பெரும்பாலும் கிடைத்தது வாரம் ஓர் அரைமணி நேரம், 13 வாரம். வரவேற்பு இருந்தால் நீட்டிப்பார்கள்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி டிவியில் இப்போது என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள், வில்லியின் பட்டுப்புடவையையும் பின்னணி இசையின் இடிமுழக்கத்தையும் குறை சொல்வார்கள். அவையெல்லாம் மேல்பூச்சு. கோளாறு அந்த 13-க்கும் 1,533-க்கும் நடுவில் இருக்கிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தது. பல ஆண்டுகள் வீட்டுக்கு வந்தது ஒரே அலைவரிசைதான். அதனால் அது எல்லோருக்கும் பரிமாற வேண்டியிருந்தது. விவசாயிக்கு 'வயலும் வாழ்வும்', பிள்ளைகளுக்குக் 'கண்மணிப் பூங்கா', பாட்டுப் பிரியர்களுக்கு 'ஒளியும் ஒலியும்'. எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு, காத்தாடி ராமமூர்த்தியின் உருவில் கூடத்துக்கே வந்தார். எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' சிரிக்க வைத்தது. சினிமாவில் கொடிகட்டிப் பறந்த கே. பாலசந்தர், 'ரயில் சிநேகம்' மூலம் சின்னத்திரைக்கு வந்தார். 1987 ஜனவரி 25-இல் தொடங்கிய ராமானந்த சாகரின் 'ராமாயண'த்தை இந்தி தெரியாத தமிழ்க் குடும்பங்களும் விடாமல் பார்த்தன. வேறு வழியில்லாமல் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால், திரைக்கு முன்னால் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு எழுதியவர்களுக்கு இருந்தது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தனியார் வந்ததால்தான் எல்லாம் கெட்டது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. தமிழ்த் தொலைக்காட்சியின் செழிப்பான காலமே அதற்குப் பிறகுதான் வந்தது. விசுவின் 'அரட்டை அரங்கம்' ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மனிதர்கள் கையில் மைக்கைக் கொடுத்தது. ஏ.வி. ரமணனின் 'சப்தஸ்வரங்கள்' பாடத் தெரிந்த பிள்ளைகளை மேடையேற்றியது. எல்லாவற்றுக்கும் மேலாக 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர். அதன் 'விடாது கருப்பு' கதை ஓடிய நாட்களில் பிள்ளைகள் பயந்து தலையணைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே பார்த்தார்கள்; பெரியவர்கள் அதில் வரும் குதிரை வீரன் யார் என்று வாரம் முழுக்க விவாதித்தார்கள். பயமும் கொலையும் உள்ள கதைதான். ஆனாலும் அதைக் குடும்பமே பார்க்க முடிந்தது. காரணம், எழுதியவருக்கு முடிவு தெரிந்திருந்தது. ஒவ்வொரு வாரமும் கதை அந்த முடிவை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தது. வீட்டில் யாரும் யாருக்கும் சும்மா விஷம் வைக்கவில்லை.

பிறகு தினசரித் தொடர் காலூன்றியது. 1999-இல் ராதிகாவின் 'சித்தி', 2002-இல் திருமுருகனின் 'மெட்டி ஒலி'. இரண்டும் தரக்குறைவான படைப்புகள் அல்ல. ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கவலையைத்தான் 'மெட்டி ஒலி' 800-க்கும் மேற்பட்ட பகுதிகளில் சொன்னது. சம்பந்தி வீட்டுச் சண்டை, சீர்வரிசைப் பேச்சு என எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பவை. இந்த இரு தொடர்களின் வெற்றிதான் தொழிலின் கணக்கை மாற்றியது.

அந்தக் கணக்கு எளிமையானது. தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஓர் அரைமணி நேர இடத்தைப் பெறுவார். அதில் வரும் விளம்பர நேரத்தை விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். பிற்பாடு சேனல்களே தொடர்களை நேரடியாக எடுக்கச் சொல்லிப் பணம் தரும் முறை பெருகினாலும் அடிப்படை மாறவில்லை. அதே வீடு, அதே நடிகர்கள், பழகிய நேயர்கள் என நன்றாக ஓடும் ஒரு தொடரை யார் நிறுத்துவார்கள்? புதிதாகத் தொடங்கினால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே கதை முடியக் கூடாது. வாரத்துக்கு ஐந்து நாள் ஆறு நாளாயிற்று. ஒவ்வொரு நாளும் கடைசி நொடியில் ஓர் அதிர்ச்சி வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் அன்றன்றைக்கு வசனம் எழுதிக் கொடுக்கும் அவசரத்தில், சராசரிக் குடும்பத்திலிருந்து வாரத்துக்கு ஆறு அதிர்ச்சிகளை எப்படி எடுப்பது? அதனால்தான் கடத்தல், நினைவிழப்பு, செத்தவர் திரும்பி வருதல், இரண்டாவது கல்யாணம், பாலில் விஷம்.

இதில் பெரிய கேடு ஒன்று உண்டு. முடியாத கதைக்குத் திருந்தாத ஒருவர் வேண்டும். அவர் வெளியாளாக இருந்தால் தினமும் வீட்டுக்குள் வர முடியாது. எனவே நாத்தனார், அண்ணி, மாமியார் என உறவுகளிலேயே சதிகாரர்களைப் படைத்தார்கள். கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் காதில் ஆண்டுக்கணக்காக விழுவது, வீடு என்பது ஒருவரை ஒருவர் கவிழ்க்கும் இடம் என்ற செய்திதான்.

ரேட்டிங் இதற்கு உரம் போடுகிறது. நேயர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் (BARC) அமைப்பு வாராவாரம் வியாழக்கிழமை புள்ளிவிவரம் தருகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மீட்டர் சொல்லும். மனம் நொந்து பார்த்தார்களா, மகிழ்ந்து பார்த்தார்களா என்பதைச் சொல்லாது. இன்னொரு பக்கம், 2007-இல் சுட்டி டிவி போன்ற சிறுவர் சேனல்கள் வந்ததும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள் பொதுச் சேனல்களிலிருந்து மெல்ல விடைபெற்றன. கைபேசி வந்து குடும்பத்தைப் பிரிப்பதற்கு முன்பே, ரிமோட் பிரித்துவிட்டது.

மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. 2020 ஊரடங்கில் பழைய 'ராமாயணம்' மறுஒளிபரப்பானபோது கோடிக்கணக்கானோர் பார்த்தனர். அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாகக் கடை நடத்தும் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2018-இல் தொடங்கிப் பெரும் வெற்றி கண்டது. வேறு பல மொழிகளிலும் எடுக்கப்பட்டது. 2019-இல் வந்த 'குக் வித் கோமாளி'யைத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அது வார இறுதியில் மட்டும் வருகிறது, சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. முடிகிற கதைகளுக்கு இணையத்திலும் இடம் உண்டு. 2022-இல் வந்த 'சுழல்' தொடரின் முதல் பருவம் எட்டே பகுதிகள். ஆனால் இணையத் தொடர்களில் பெரும்பாலானவை பெரியவர்களுக்காக, அதுவும் சந்தா கட்டுகிறவர்களுக்காக எடுக்கப்படுபவை.

நூறு பகுதிக்குள் முடியும் தினசரித் தொடரும், வாரம் ஒருமுறை வரும் நகைச்சுவை நாடகமும் தமிழில் மறுபடி வர வேண்டும். எழுத ஆள் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் வேண்டும். தூர்தர்ஷனில் 'எதிரொலி' என்றொரு நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்து நிலையத்தாரே திரையில் பதில் சொன்னார்கள். இன்றைக்கும் நேயருக்கு உரிமை இருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி ஒவ்வொரு ஒளிபரப்பு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். வந்த புகாருக்கு 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் மேல்முறையீடும் செய்யலாம். ஒரு காட்சி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பட்டால், தொடரின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து அந்த அலுவலருக்கு எழுதுங்கள். நல்ல நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தால், அதையும் பாராட்டி எழுதுங்கள்.