லவெண்டர் செடியும் எங்கள் தண்ணீர் வாளியும்



வசந்தம் பிறந்தால் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி இது: "போன கோடையில் வாங்கிய லவெண்டர் நன்றாகப் பூத்தது. குளிர்காலம் முடிய ஏன் பட்டுப்போனது?" இலண்டன் குளிரைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் செடியைக் கொல்வது குளிரல்ல, வேரில் தேங்கும் ஈரம்.

ஊரில் செம்மண் தோட்டத்தில் முறை தவறாமல் இறைத்து, எருப் போட்டுப் பழகிய கைகள் எங்களுடையவை. மிளகாய்க்கும் கத்தரிக்கும் அது சரி. லவெண்டருக்கு அதுவே கேடு. 'ஆங்கில லவெண்டர்' என்று பெயர் எடுத்தாலும், அது மத்தியதரைக் கடல் நாடுகளின் வறண்ட, கல் நிறைந்த மலைச்சரிவுகளிலிருந்து இங்கு வந்து குடியேறிய செடி. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில், தென் இலண்டனில் இன்று எம்மவர்கள் வாழும் மிச்சம் பகுதியில் அதை வயல் வயலாகப் பயிரிட்டார்கள்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டைப் பாருங்கள். முக்கியமாக மூன்று வகை உண்டு.

ஆங்கில லவெண்டர்: ஹிட்கோட், மன்ஸ்டெட் என்பவை இதில் சேரும். ஏறக்குறைய 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். குளிரை நன்கு தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுவே நல்லது.

லவண்டின்: இது கலப்பினம். குரோசோ இதில் பெயர் பெற்றது. உயரமாக வளர்ந்து, சற்றுப் பிந்திப் பூக்கும். வாசனையில் கற்பூர நெடி இருக்கும். முளைக்கும் விதை தராது, தண்டு வெட்டி நட்டே பெருக்க வேண்டும்.

பிரெஞ்சு லவெண்டர்: பூவின் உச்சியில் முயற்காது போன்ற இதழ்கள் நிற்கும். கடும் உறைபனியைத் தாங்காது. சாடியில் வளர்த்து, குளிர்காலத்தில் ஒதுக்கான இடத்தில் வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் நடுங்கள். நாளுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். வளவு களிமண்ணானால் சரளை கலந்து, மேடாக்கி நடுங்கள். பசளை போட்டால் இலை பெருகிப் பூக் குறையும். முதற் கோடையில் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். நிலத்தில் வேரூன்றிய பின் பெரும்பாலும் மழையே போதும். சாடிச் செடிக்குக் கோடையில் மட்டும் கவனம் தேவை.

பூ முடிந்ததும், ஓகஸ்ட் கடைசியில் கத்தரியுங்கள். பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்துங்கள். அடியில் உள்ள முற்றிய கட்டையை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

வீட்டில் அம்மா, அப்பா வாளியோடு தோட்டத்துக்குப் போனால் மறிக்காதீர்கள். சற்றுத் தள்ளி ஒரு சாடியில் தக்காளியோ வெந்தயமோ வைத்துக் கொடுங்கள். அவர்கள் கைக்கும் வேலை இருக்கும், லவெண்டரும் தப்பும்.