தலையணை உறையும் குடும்ப நலமும்

சிம்பாங் அம்பாட் என்னும் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்தில் தென் செபராங் பிறை வட்டாரத்தில் அமைந்துள்ள இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. இன்று அந்நிலங்களிற் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் பால்மரத் தொழிலாளியின் நாள் எங்கும் ஒன்றேதான். விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, நண்பகலில் வீடு திரும்புகிறார். களைப்பு மிகுதியால் குளிக்காமலே சற்றுத் தலை சாய்ப்பதும் உண்டு. அப்பொழுது வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், தெறித்த பால்துளி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்கின்றன. அவ்விடம் தலையணை உறை.

இது அழுக்கைப் பற்றிய கவலை மட்டுமன்று. நம் உடலிலிருந்து உதிரும் தோல்துகள்களை உண்டு, கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகள் படுக்கையில் பெருகுகின்றன. ஈரக்காற்று மிகுந்த நம் நாடு அவற்றுக்கு ஏற்ற இடம். இவற்றின் கழிவு சிலருக்குத் தும்மலையும், ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். ஆகவே உறையை வாரம் ஒரு முறையாவது துவைத்தல் வேண்டும். ஆனால் எல்லாத் துணியையும் ஒரே விதமாகத் துவைத்தால் துணிதான் பாழாகும்.

துணியை அறிவது எப்படி?

வாங்கும்பொழுது உறையின் ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லையெனில், மடிப்பின் உட்புறத்திலிருந்து ஒரு நூலை உருவி, குறட்டில் பிடித்து, வீட்டுக்கு வெளியே நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிவதுபோல் எரிந்து மென்சாம்பல் ஆனால் அது பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் அது பாலியஸ்டர். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அது பட்டு. இச்சோதனையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

பருத்தி

பருத்தி வியர்வையை உறிஞ்சும், வெந்நீரையும் தாங்கும். தூசு உண்ணிகளைக் கொல்ல ஏறத்தாழ 60 பாகை வெப்பமுள்ள நீர் தேவை. வெப்பமானி இல்லாதவர்கள், கொதிநீர் ஒரு பங்கும் குழாய்நீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய அவ்வெப்பம் கிடைக்கும். சிறுவர்களை விலக்கிவிட்டு, துணியைக் கோலால் அமிழ்த்துங்கள். சாயம் போகும் உறைகளை மட்டும் தண்ணீரில் தனியே அலசுங்கள்.

பாலியஸ்டரும் கலப்புத் துணியும்

1941-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலியஸ்டர் இன்று எல்லாச் சந்தைகளிலும் கிடைக்கிறது. கலப்புத் துணிகளில் 65 விழுக்காடு பாலியஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் சேர்ந்த வகை பெரும்பான்மை. இது விரைவில் உலரும், சுருக்கம் விழாது. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. எண்ணெயை இறுகப் பற்றிக்கொள்ளும். தலையெண்ணெய்க் கறை பழுப்பேறுமுன் அவ்விடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்து அரைமணி நேரம் வைத்திருந்து, வெதுவெதுப்பான நீரில் துவைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் சூடு மிஞ்சினால் துணி உருகும். சீட்டில் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரம், மூன்று புள்ளி மிகுந்த சூடு என்று கொள்க.

பட்டும் சாட்டினும்

சாட்டின் என்பது நெசவின் பெயரேயன்றி நூலின் பெயர் அன்று. மலிவு விலைச் சாட்டின் பெரும்பாலும் பாலியஸ்டரே. உண்மைப் பட்டு நம் தலைமயிரைப்போல் புரதத்தால் ஆனது. சலவைச் சோடாவும் குளோரின் வெளுப்பு நீரும் அதை அரித்துவிடும். தண்ணீரில் மென்மையான சவர்க்காரம் கலந்து அலசி, முறுக்காமல் துவாலையில் சுருட்டி நீரை வாங்கி, நிழலில் உலர்த்துங்கள்.

பாத்தேக், பூத்தையல்

புதிய பாத்தேக் உறையையும் வண்ணநூல் பூத்தையல் போட்ட உறையையும் முதல் சில தடவை தனியே துவைத்தல் நலம். ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

பாலும் அமிலமும்

ரப்பர்ப்பால் பட்டவுடன் தண்ணீரில் அலசினால் நீங்கும். வெந்நீர் ஊற்றாதீர்கள், பால் துணியிலேயே இறுகிவிடும். காய்ந்துவிட்டதெனில் மெல்ல உரித்தெடுங்கள். அதன்மேல் இஸ்திரி போட்டால் ரப்பர் இளகி இழைக்குள் இறங்கும்.

பால் உறையச் சேர்க்கும் அமிலம் தெறித்தால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும். இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அமிலமோ அம்மோனியாவோ இருந்த வாளியில் குளோரின் வெளுப்பு நீரை ஊற்றினால் நச்சுவாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். ஆகவே வேலைக்குரிய வாளி வேறு, துவைக்கும் வாளி வேறாக இருக்கட்டும். மருந்து தெளிக்கப் போட்ட உடையைத் தலையணை உறையுடன் ஒருபோதும் சேர்த்துத் துவைக்கலாகாது.

உலர்த்தும் முறை

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. அரைகுறையாக உலர்ந்த உறையைத் தலையணைக்கு மாட்டினால் பூசணம் பூத்து, உள்ளிருக்கும் இலவம்பஞ்சிலும் புழுக்க நாற்றம் பற்றும். மழை நாட்களில் காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் விரித்துப் போடுங்கள். இலவம்பஞ்சுத் தலையணையை நனைக்க வேண்டாம். வெயிலில் இட்டுத் தட்டினால் போதும்.

இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு இல்லை. ஆளுக்கு இரண்டு உறை இருந்தால், ஒன்று கொடியில் உலரும்பொழுது மற்றொன்று தலையணையில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் தலை கழுவிப் படுப்பதென்ற பழக்கமும் சேர்ந்தால் உறை நெடுநாள் உழைக்கும். குழந்தைகளும் மூச்சுத் தடையின்றி உறங்குவார்கள்.